இரத்தத்தில் ஓர் எண்: புராஸ்டேட் சோதனை நடந்து வந்த பாதை



சுங்கை சோ வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் வந்தன. பெரோடுவா கார்கள் உருவாகும் தொழிற்சாலை நிற்பதும் அந்தச் சுங்கை சோ மண்ணில்தான். லயங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் லயத்தில் பிறந்து, விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, மரம் சீவி வளர்ந்தவர்கள் மறைந்துவிடவில்லை. அறுபதையும் எழுபதையும் கடந்து, நம் வீடுகளில் அப்பாவாகவும் தாத்தாவாகவும் அமர்ந்திருக்கிறார்கள். இன்றைய உரை அவர்களைப் பற்றியது.

2017ஆம் ஆண்டு என் தந்தைக்கு வயது 67. இரவில் நான்கைந்து முறை எழுந்து கழிவறைக்குப் போய் வந்தார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாதான் கவனித்துச் சொன்னார். மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். இரத்தம் எடுத்தார்கள். கையில் கொடுத்த தாளில் பி.எஸ்.ஏ. என்ற மூன்று எழுத்துகளுக்கு எதிரே 4.8 என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில், 4க்குள் இருக்க வேண்டும் என்ற குறிப்பும் ஒரு நட்சத்திரக் குறியும் இருந்தன. அன்று கூட்டம் அதிகம். விளக்கிச் சொல்ல எவருக்கும் நேரமில்லை. வெளியே காத்திருந்த நண்பர் ஒருவர் தாளை எட்டிப் பார்த்து, "இது கேன்சர் சோதனையாச்சே" என்று சொல்லிவிட்டார். அப்பா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இன்னும் எத்தனை மாசம்னு டாக்டரை நேரா கேட்டுச் சொல்லு. மறைக்காதே" என்றார்.

எனக்கும் விடை தெரியவில்லை. அதனால் படிக்கத் தொடங்கினேன். நோயைப் பற்றிப் படிக்கப் போனவன் வரலாற்றில் போய் நின்றேன். அந்த எண் எங்கே பிறந்தது, யார் அதைக் கண்டார்கள், எதற்காகக் கண்டார்கள், பிறகு அது எப்படியெல்லாம் பயன்பட்டது என்று தெரிந்துகொண்டால், அதற்கு எவ்வளவு அஞ்ச வேண்டும், எவ்வளவு அஞ்ச வேண்டாம் என்பது தானாகவே விளங்கும். அந்த வரலாற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், புராஸ்டேட் என்பது என்ன? ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பி. சிறுநீர்ப் பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி, மோதிரம் விரலைச் சுற்றியிருப்பது போல் அமைந்திருக்கிறது. இளமையில் ஒரு பாக்குக் கொட்டை அளவே இருக்கும். வயது ஏற ஏற, பெரும்பாலான ஆண்களுக்கு இது மெல்லப் பருக்கிறது. மோதிரம் இறுகினால் விரல் நோகும் அல்லவா? அதுபோல, சுரப்பி பருத்தால் குழாய் நெருக்கப்படுகிறது. சிறுநீர் தயங்கி வரும், வேகம் குறையும், முழுவதும் போகாதது போல் இருக்கும், இரவில் அடிக்கடி எழுப்பும். இதுதான் புராஸ்டேட் வீக்கம். இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே மனிதருக்கு ஒரே காலத்தில் வீக்கமும் புற்றுநோயும் தனித்தனியே இருக்கக்கூடும். குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தத் தொல்லை புதியதன்று. சுசுருத சம்ஹிதை என்னும் பழைய இந்திய மருத்துவ நூல், சிறுநீர்ப் பைக்கும் மலக்குடலுக்கும் இடையே கல் போன்ற வீக்கம் உண்டாகிச் சிறுநீரை அடைப்பதை ஒரு நோயாக விவரிக்கிறது. புராஸ்டேட் என்ற பெயரோ கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முன்னால் நிற்பது என்பது அதன் பொருள்.

புராஸ்டேட் புற்றுநோயை நுண்ணோக்கியின் கீழ் முதன்முதலாக உறுதிசெய்து எழுதியவர் லண்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஆடம்ஸ் என்பவர். ஆண்டு 1853. இது மிக அரிய நோய் என்று அவர் குறித்துவைத்தார். இன்று உலகில் ஆண்களுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய்களில் அது ஒன்று. நம் நாட்டின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கையில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் அது மூன்றாம் இடத்தில் இருந்தது. அரியதாக இருந்த நோய் எப்படிப் பெருகியது?

விடையின் ஒரு பகுதி நம் தோட்டங்களிலேயே இருக்கிறது. ரப்பர் பயிரிடத் தொடங்கிய காலத்தில் சிலாங்கூருக்கு வந்த நம் முன்னோர் எதனால் இறந்தார்கள்? மலேரியாவால் இறந்தார்கள்; வயிற்றுப்போக்கால் இறந்தார்கள். 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற மருத்துவர், சதுப்பு நிலத்தில் நீரை வடித்துக் கொசுவை ஒழித்து மலேரியாவைக் குறைத்தது மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி. காய்ச்சலுக்குப் பலியானவர்கள் முதுமையைப் பார்க்கவில்லை. புராஸ்டேட் முதுமையின் நோய். 1957இல் சுதந்திரம் பெற்றபோது மலாயாவில் ஓர் ஆண் குழந்தையின் சராசரி வாழ்நாள் சுமார் 56 ஆண்டுகள். இன்று அது எழுபதைத் தாண்டிவிட்டது. எனவே, நம் பெரியவர்களுக்கு இந்தத் தொல்லை வருகிறது என்றால், அவர்கள் தங்கள் பாட்டன்மார் எட்டாத வயதை எட்டிவிட்டார்கள் என்று பொருள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அக்காலத்தில் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ரப்பர் குழாயை நுழைத்து நீரை எடுப்பதைத் தவிர வேறு வழி அதிகமில்லை. இந்திய மருத்துவப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி லண்டன் திரும்பிய பீட்டர் ஃபிரேயர் என்ற அயர்லாந்துக்காரர், 1900ஆம் ஆண்டு முதல், அடிவயிற்றைத் திறந்து சிறுநீர்ப் பை வழியாகப் பருத்த சுரப்பியைத் தோண்டி எடுக்கும் முறையைச் செய்துகாட்டிப் புகழ்பெற்றார். வீக்கத்துக்கு ஒரு வழி கிடைத்தது. ஆனால் எது வீக்கம், எது புற்றுநோய் என்று வெளியிலிருந்து அறியும் வழி அப்போதும் இல்லை. டாக்டரின் விரல் ஒன்றே கருவி.

இரத்தத்தைக் கொண்டு அறியும் முயற்சி 1930களில் தொடங்கியது. அமில பாஸ்பட்டேஸ் என்ற ஒரு பொருள், புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களின் இரத்தத்தில் மிகுந்திருப்பதை அமெரிக்காவில் கண்டார்கள். 1941ஆம் ஆண்டு சார்லஸ் ஹக்கின்ஸ் என்பவர், ஆண் சுரப்புநீரைத் தடுத்தால் இந்தப் புற்றுநோய் அடங்குகிறது என்று காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். பெரிய சாதனைதான். ஆனால் அந்த இரத்தச் சோதனை, நோய் எலும்பைத் தொட்ட பிறகே பெரும்பாலும் குரல் கொடுத்தது. வீடு எரிந்த பிறகு அடிக்கும் மணி போன்றது அது.

அந்த நிலையில்தான் பி.எஸ்.ஏ. வருகிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சில ஆய்வாளர்கள், புராஸ்டேட்டுக்கே உரிய புரதப் பொருள்களைத் தனித்தனியே கண்டு எழுதினார்கள். 1979ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தில், மிங் சூ என்பவர் தலைமையில் வாங் என்பவரும் மற்றவர்களும் அந்தப் புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டே அதை இரத்தத்திலும் அளந்து காட்டினார்கள். புராஸ்டேட்டுக்கு உரிய புரதம் என்பதே அந்த மூன்று எழுத்துகளின் கருத்து. புற்றுநோய்க்கு உரிய புரதம் என்று அதற்குப் பெயர் இல்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயில்லாத சுரப்பியும் இதைச் சுரக்கிறது. விந்தை நீர்க்கச் செய்வதே அதன் வேலை. அதில் மிக மிகச் சிறிய பங்கு இரத்தத்தில் கசிகிறது. தாளில் காணும் 4 என்பது, ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் 4 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு நானோகிராம்.

1986ஆம் ஆண்டு அமெரிக்க அரசு இந்தச் சோதனைக்கு முதன்முதலாக அனுமதி தந்தது. எதற்காகத் தெரியுமா? புற்றுநோய் இருக்கிறது என்று முன்பே உறுதியானவர்களின் நோய் கூடுகிறதா குறைகிறதா என்று தொடர்ந்து பார்ப்பதற்காக. அதாவது, பிறந்தபோதே இது தொடர்ந்து பார்க்க வேண்டிய எண்ணாகப் பிறந்தது.

அடுத்த ஆண்டு, 1987இல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஸ்டேமி என்பவர் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். புற்றுநோயில் இந்த எண் ஏறுகிறது என்றார். அதே கட்டுரையில், சாதாரண வீக்கத்திலும் இது ஏறுகிறது, சுரப்பி எவ்வளவு பருக்கிறதோ அதற்கேற்ப ஏறுகிறது என்றும் சொன்னார். உலகம் முதல் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டது. இரண்டாம் பாதியை மறந்துவிட்டது.

நம் தோட்டத்து வழக்கில் சொல்கிறேன். இளமரத்தைச் சீவினால் மங்கில் கொஞ்சம் பால். பருத்த மரத்தைச் சீவினால் நிறையப் பால். பருத்த மரத்தில் பால் அதிகம் என்று கண்டு யாராவது மரத்துக்கு நோய் என்பார்களா? பருத்த சுரப்பி அதிகமாகச் சுரக்கிறது, அதிகமாகக் கசிகிறது. அதனால், புராஸ்டேட் பருத்தவர்களுக்கு எண் 4க்கு மேல் இருப்பதும், ஆண்டுக்கு ஆண்டு மெல்ல ஏறுவதும் மிகவும் பொதுவான செய்தி.

பிறகு ஏன் 4 என்ற கோடு? 1991ஆம் ஆண்டு வில்லியம் கேட்டலோனா என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும், நோய் அறியப்படாத ஆண்களிடமும் இந்தச் சோதனையைச் செய்து, 4க்கு மேல் உள்ளவர்களை மேலும் சோதித்தால் புற்றுநோயை முன்கூட்டியே காணலாம் என்று காட்டினார்கள். 1994இல் அமெரிக்க அரசு நோயைக் கண்டுபிடிப்பதற்கும் இதை அனுமதித்தது. 4 என்ற கோடு உலகெங்கும் பரவியது. மருத்துவத்தில் கோடு ஒரு வசதி, அது வேலியன்று. 2004ஆம் ஆண்டு வெளியான ஒரு பெரிய ஆய்வு, 4க்குக் கீழே இருந்தவர்களைச் சோதித்தபோது அவர்களிலும் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குப் புற்றுநோய் இருந்ததைக் காட்டியது. மறுபுறம், 4க்கும் 10க்கும் இடையே உள்ளவர்களில் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் இல்லை. கோட்டுக்குக் கீழே என்றால் முழு உறுதியுமில்லை; மேலே என்றால் தீர்ப்புமில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மனிதர் முதுமை அடைவதை ஆராய 1958ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் ஆண்டுக் கணக்கில் திரும்பத் திரும்ப வந்து இரத்தம் கொடுத்தார்கள். அந்த இரத்தநீரை உறையவைத்துப் பாதுகாத்தார்கள். அப்போது பி.எஸ்.ஏ. என்ற ஒன்றையே யாரும் அறியார். சோதனை கண்டுபிடிக்கப்பட்ட பின், அந்தப் பழைய இரத்தத்தை எடுத்து அளந்தார்கள். 1992ஆம் ஆண்டு கார்ட்டர் என்பவரும் அவர் குழுவினரும் முடிவை வெளியிட்டார்கள். ஆய்ந்தவர்கள் 54 பேர். அவர்களில் 16 பேர் புராஸ்டேட் நோய் இல்லாதவர், 20 பேர் வீக்கம் உள்ளவர், 18 பேர் பிற்காலத்தில் புற்றுநோய் கண்டவர். நோயில்லாதவரின் எண் ஏறக்குறைய சமமாகவே போனது. வீக்கம் உள்ளவரின் எண் மெல்ல மெல்ல, ஒரே சீராக ஏறியது. புற்றுநோய் கண்டவரின் எண்ணோ சில காலம் மெல்ல ஏறி, பிறகு செங்குத்தாக ஏறியது. ஆண்டுக்கு 0.75க்கு மேல் ஏறினால் கவனிக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு அளவு சொன்னார்கள்.

எவரோ பல ஆண்டுகளுக்கு முன் கொடுத்த இரத்தம், இன்று நம் பெரியவர்களுக்கு வழிகாட்டுகிறது. ஒரு நாள் எண்ணைக் காட்டிலும் எண் நடந்து வந்த நடை அதிகம் பேசும் என்பதே அந்த இரத்தம் சொன்ன செய்தி. ஆனால் இதையும் தனியாக நம்பிவிடக் கூடாது என்று பிந்திய ஆய்வுகள் திருத்தின. ஏறும் வேகம் ஒன்றையே கொண்டு முடிவு செய்தால் தேவையில்லாத சோதனைகள் பெருகுகின்றன. காரணம், எண் நாளுக்கு நாள் கொஞ்சம் ஆடும். சிறுநீர்க் கிருமித் தொற்று, சிறுநீர் அடைப்பு, குழாய் நுழைத்தல், முந்தின நாள் தாம்பத்திய உறவு, நெடுந்தூர மிதிவண்டிப் பயணம் ஆகியவற்றாலும் ஏறும். மழை பெய்த மறுநாள் பால் கணக்கைப் பார்த்து எந்தக் கிராணியும் மரத்தின் தலையெழுத்தை எழுதமாட்டார் அல்லவா? அதனால்தான் ஓர் எண் திடீரென ஏறினால், சில வாரங்கள் கழித்து மறுபடியும் இரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள்.

1992இலேயே இன்னொரு கணக்கும் வந்தது. எண்ணைச் சுரப்பியின் அளவால் வகுப்பது. சுரப்பியின் அளவை ஸ்கேன் காட்டும். எண் 6, சுரப்பி 75 மில்லி லிட்டர் என்றால் ஈவு 0.08. எண் அதே 6, சுரப்பி 30 என்றால் ஈவு 0.2. பொதுவாக 0.15க்குக் கீழே இருந்தால் பருமனே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் என்றால் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரே எண்தான், இரண்டு மனிதருக்கு இரண்டு பொருள். 1993இல் வயதுக்கேற்ற அளவுகளும் வெளியாயின. நாற்பதுகளில் 2.5, எழுபதுகளில் 6.5 என்று வயதோடு அளவும் உயர்ந்தது.

இதே காலத்தில் ஒரு மாத்திரையும் வந்தது. பினாஸ்டிரைடு என்பது அதன் பெயர். 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சுரப்பியைச் சுருக்கும். இதை உண்பவர்களுக்கு ஆறு மாதம், ஓராண்டுக்குள் பி.எஸ்.ஏ. எண் ஏறக்குறையப் பாதியாகிவிடும். எனவே தாளில் 3 என்று வந்தால் அதை 6 என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மாத்திரையால் இறங்கிய எண் மறுபடியும் ஏறத் தொடங்கினால், அது 4க்குள்ளேயே இருந்தாலும், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். புதிய டாக்டரைப் பார்க்கும்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று சொல்ல மறக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இனி வரலாற்றின் கசப்பான பகுதிக்கு வருகிறேன். 1990களில் அமெரிக்காவில் இலட்சக்கணக்கான ஆண்களுக்கு இந்தச் சோதனை செய்யப்பட்டது. எண் 4ஐத் தாண்டியதும் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்தார்கள். புற்றுநோய் கண்டதும் அறுவை செய்தார்கள், கதிர்ச் சிகிச்சை கொடுத்தார்கள். ஆனால் இந்தப் புற்றுநோயில் பல, நத்தை போல நகர்பவை. வயதானவரோடு சாகும் வரை சும்மா இருப்பவை. அவற்றுக்கும் அறுவை செய்ததால் பலர் சிறுநீரை அடக்க முடியாமலும், தாம்பத்திய ஆற்றலை இழந்தும் துன்புற்றார்கள். 1987இல் அந்தக் கட்டுரையை எழுதிய ஸ்டேமியே 2004இல் மனம் மாறினார். இந்த எண் இப்போது பெரும்பாலும் சுரப்பியின் பருமனைத்தான் காட்டுகிறது என்று வெளிப்படையாக எழுதினார். தன் சொல்லைத் தானே திருத்திக்கொள்ள அறிஞருக்கும் துணிவு வேண்டும்.

அதற்காகச் சோதனையே வீண் என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஐரோப்பாவில் சுமார் 1,82,000 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. ஆய்வின் முக்கிய வயதுப் பிரிவில், சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்தப் புற்றுநோயால் ஏற்படும் சாவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2012இல் அமெரிக்க நோய்த் தடுப்புக் குழு, எல்லாருக்கும் இந்தச் சோதனை வேண்டாம் என்று சொன்னது. 2018இல் அதைத் திருத்தி, 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் டாக்டரோடு கலந்து பேசித் தாமே முடிவு செய்யலாம் என்றது. 70க்கு மேல் தொல்லை ஏதும் இல்லாதவர்களுக்கு வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது. பிரிட்டனில் நடந்த இன்னோர் ஆய்வில், சுரப்பிக்குள்ளேயே அடங்கிய புற்றுநோய் உள்ள 1,643 பேரில் சிலருக்கு அறுவை, சிலருக்குக் கதிர், சிலருக்குக் கண்காணிப்பு மட்டும். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 2023இல் முடிவு வந்தது. மூன்று பிரிவிலும் நூற்றுக்குச் சுமார் 97 பேர் அந்த நோயால் சாகவில்லை. புற்றுநோய் என்ற சொல் கேட்டவுடன் நாள் எண்ணத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஊசியைக் குறைக்கவும் வழி பிறந்தது. 2018இல், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த வீரு காசிவிசுவநாதன் என்பவர் முன்னின்று வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெயரைக் கேட்டாலே நம் காதுக்குப் பழகியது அல்லவா? 500 ஆண்கள் அதில் பங்கேற்றார்கள். முதலில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, ஐயம் உள்ளவர்களுக்கு மட்டும் ஊசி என்று வைத்தபோது, படம் எடுத்தவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. ஆபத்தான புற்றுநோய்களோ முன்னைவிட அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டன.

நேயர்களே, வரலாறு இதுவரை. இனி நம் வீட்டுக்கு வருவோம்.

எங்கள் பக்கத்து லயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். நான் பெரியப்பா என்று அழைப்பேன். வருடக்கணக்கில் சிறுநீர்த் தொல்லை, வெட்கத்தால் சொல்லவில்லை. பிறகு இடுப்பு வலி வந்தது. பால் வாளி சுமந்த உடம்பு, வலிக்கத்தான் செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டார். மருத்துவமனைக்குப் போனபோது நோய் எலும்பில் இறங்கியிருந்தது. அவர் போய்விட்டார். என் தந்தையோ ஒரே ஒரு எண்ணைப் பார்த்துத் தம் மரணத்தையே எழுதிக்கொண்டார். ஒருவரைக் கெடுத்தது மறைப்பு. மற்றவரை வாட்டியது பதற்றம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

அப்பாவுக்கு நான் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். தேதி, எண், சுரப்பியின் அளவு, சாப்பிடும் மாத்திரை என்று நான்கு கோடு போட்டேன். மரத்துக்கு மரம் பால் கணக்குப் பார்த்த மனிதர் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டார். 2017இல் 4.8. 2018இல் 5.1. 2019இல் 5.3. 2021இல் 5.9, அவ்வாண்டு சுரப்பியின் அளவு 72 மில்லி லிட்டர். வகுத்துப் பார்த்தால் 0.08. எம்.ஆர்.ஐ. படத்திலும் ஐயப்பட ஒன்றுமில்லை. 2024இல் 6.7. ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பால்டிமோர் ஆய்வில் வீக்கம் உள்ளவர்களுக்கு ஏறியது போல, சீராக, மெல்ல ஏறுகிறது. புதிதாக வந்த இளம் டாக்டர் ஒருவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, "ஐயா, என் வேலையை நீங்களே பாதி முடித்துவிட்டீர்கள்" என்றாராம். அன்று வீட்டுக்கு வந்து அதை நான்கு முறை சொன்னார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். பழைய தாள்களை எறியாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்: போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு? என் சுரப்பியின் அளவு என்ன? தொற்று ஏதும் இருந்ததா? என் மாத்திரை இந்த எண்ணை இறக்குமா? மறுபடி எப்போது பார்க்க வேண்டும்? கேட்பது உங்கள் உரிமை. எண் சட்டென்று தாவினாலும், சிறுநீரில் இரத்தம் வந்தாலும், முதுகெலும்பிலோ இடுப்பிலோ விடாத வலி இருந்தாலும், காரணமின்றி உடல் இளைத்தாலும் காத்திருக்கக் கூடாது. சிறுநீர் அறவே நின்றுவிட்டால் அந்த நேரமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்தப் புற்றுநோய் இருந்தால், ஐம்பது வயதுக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும்.

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு சொல். இரவில் யார் எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்பது உங்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அம்மா வாய் திறந்ததால்தான் எல்லாம் தொடங்கியது.

அப்பா என்னிடம், இன்னும் எத்தனை மாதம் என்று கேட்டு ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இப்போதெல்லாம் அந்தக் கேள்வி வருவதில்லை. அடுத்த இரத்தம் எடுக்கும் தேதி எப்போது என்றுதான் கேட்கிறார். நோட்டில் இன்னும் பல பக்கங்கள் காலியாக இருக்கின்றன.